கொட்டியாரக் குடாவின் இரு கரையும் ஒரு சராசரியும்

திருகோணமலை மாவட்டத்தின் மூதூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் கிளினிக் நடக்கும் காலை. கூரை வளையில் தொங்கும் தராசின் கொக்கியில் காற்சட்டை போன்ற துணி உறை மாட்டப்பட்டிருக்கிறது; அதற்குள் கால்களை நுழைத்து இறக்கிய குழந்தை வீரிட்டு அழுகிறது. முள் ஆடி ஓயும்வரை குடும்பநல உத்தியோகத்தர் பொறுத்திருக்கிறார். தாய்க்குப் பொறுமை இல்லை. “மிஸ்ஸி, போன மாசத்தை விடக் கூடியிருக்கா?” என்று கேட்டுவிட்டார். கூடியிருந்தது, இருநூறு கிராம். ஆனால் பொலித்தீன் உறை போட்ட பதிவேட்டில் அந்த மாதத்துப் புள்ளி பச்சைப் பட்டையை எட்டவில்லை, செம்மஞ்சளுக்குள்ளேயே விழுந்தது. தாயின் முகம் தெளிந்தது. உத்தியோகத்தர் பதிவேட்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, திரிபோஷா என்ற சத்துமாப் பைகளை எண்ணி எடுத்தார்.

அந்தப் புள்ளி கிராமத்தின் மற்றப் புள்ளிகளோடு சேர்ந்து சுகாதார வைத்திய அதிகாரி பிரிவின் அறிக்கைக்குப் போகிறது; அங்கிருந்து பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் பணிமனைக்கும், பிறகு கொழும்புக்கும் போகிறது. போகும் வழியில் குழந்தை ஓர் எண்ணாகி, எண்கள் ஒரு வீதமாகி, வீதம் மாவட்டச் சராசரியாகிவிடுகிறது. அந்தச் சராசரி எவ்வளவு சரியாகக் கணிக்கப்பட்டிருந்தாலும், செம்மஞ்சள் புள்ளிகள் எந்த ஊரில், எந்த வகை வீட்டில் குவிந்திருக்கின்றன என்று அதனிடம் கேட்க முடியாது. அதைக் கேட்பதற்காகவே சுகாதார ஏற்றத்தாழ்வை அளக்கும் முறைகள் பல உருவாகின. அவற்றுள் எதைக் கையில் எடுக்கிறோம் என்பதே விடையில் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது. இதைத் திருகோணமலையை வைத்து விளக்குவது எளிது. ஏனெனில் இங்கே சராசரி மறைப்பதற்கு நிறைய உண்டு.

மாவட்டத்தில் பதினொரு பிரதேச செயலாளர் பிரிவுகள் உள்ளன. 2012ஆம் ஆண்டின் தொகைமதிப்பின்படி சுமார் 380,000 பேர் வாழ்ந்தார்கள். முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் ஆகிய மூன்று சமூகத்தவரும் கணிசமாக இருந்தும், எவரும் பாதியைத் தாண்டவில்லை. புல்மோட்டையிலிருந்து குச்சவெளி, நிலாவெளி வழியாக நகரம் வரை கடற்றொழில். கந்தளாய்க் குளத்தின் கீழும் மகாவலியின் கழிமுகத்தை ஒட்டியும் நெல் வயல். கோமரங்கடவலை, பதவிசிறிபுரப் பக்கம் வறண்ட உள்நாடு. தெற்கே வெருகல் ஆற்றோடு மாவட்டம் முடிகிறது. கொட்டியாரக் குடாவின் வடகரையில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்க, தென்கரையில் மூதூரும் அதற்கப்பால் சம்பூர், தோப்பூர், ஈச்சிலம்பற்று ஆகிய ஊர்களும் இருக்கின்றன. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும்வரை, நகரத்துக்குப் போக வேண்டிய கிண்ணியா நோயாளி பாதையில் ஏறித்தான் நீரைக் கடந்தார் (வாகனங்களை ஏற்றிச் செல்லும் மிதவையைத்தான் நம் பக்கத்தில் ‘பாதை’ என்போம்). மூதூர்க்காரருக்குப் படகு; படகைத் தவறவிட்டால் கந்தளாயைச் சுற்றும் நீண்ட தரைவழி. வரைபடத்தில் அடிமட்டம் வைத்து அளந்தால் மூதூரிலிருந்து நகரம் அன்றும் இன்றும் ஒரே தூரம்தான். இரவில் பிரசவ வலி கண்ட ஒரு தாய்க்கு எத்தனை மணித்தியாலம் என்று அளந்தால் அவை இரண்டு வேறு ஊர்கள். வைத்திய வசதி ‘எட்டும் தூரத்தில்’ இருக்கிறதா என்பதைக் கிலோமீற்றரில் கணக்கிடும் ஆய்வு, பாலங்களால் நேர்ந்த மாற்றம் முழுவதையும் தவறவிட்டிருக்கும்.

எந்த வேறுபாட்டை ஏற்றத்தாழ்வு என்று அளக்க வேண்டும் என்பதே முதற் கேள்வி. எழுபது வயதானவருக்கு இருபது வயதானவரை விட நோய் அதிகம். அதை யாரும் அநீதி என்று சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிராந்திய அலுவலகத்துக்காக 1990இல் மார்கரெட் வைட்ஹெட் எழுதிய சிறு கட்டுரையொன்று, தேவையற்றதும் தவிர்க்கக்கூடியதும் அதற்கு மேலாக நியாயமற்றதுமான வேறுபாடுகளை மற்ற வேறுபாடுகளிலிருந்து பிரித்துக் காட்டியது. பிற்கால அளவீட்டு முயற்சிகள் பலவற்றுக்கு அதுவே அடித்தளம். இந்த வரையறை கேட்பதற்குத் தெளிவாக இருக்கிறது. நடைமுறையில் அது நம்மை உடனே சிக்கலில் விடும். பதவிசிறிபுர, காரணம் தெளிவாகக் கண்டறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படும் பிரதேசங்களில் ஒன்று. 1990களில் வட மத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட அந்த நோய் பெரும்பாலும் நெற்செய்கையாளரைத் தாக்குகிறது. காரணம் தெரியாத ஒன்றைத் தவிர்க்கக்கூடியது என்று சொல்ல முடியுமா? கிணற்று நீர், வெப்பம், வேளாண் இரசாயனம் என்று ஐயங்கள் பல இருந்தும் எதுவும் முற்றாக நிறுவப்படவில்லை. ஆனால் நோய் முற்றிய பின் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போக எடுக்கும் பயண நேரமும் பேருந்துக் கட்டணமும் நிச்சயமாகத் தவிர்க்கக்கூடியவை. ஆகவே ஒரே நோயில் ஒரு பகுதி வைட்ஹெட்டின் வரையறைக்குள் வருகிறது. மறு பகுதி வாசலில் நிற்கிறது. என் கணிப்பில், முதலில் எல்லா வேறுபாட்டையும் அளந்து வைத்துவிட்டு, நியாயத்தைப் பற்றிய விவாதத்தைப் பிறகு நடத்துவதே உசிதம். நியாயமற்றது என்று முன்கூட்டியே தீர்மானித்ததை மட்டும் அளக்கப் போனால், தெரியாத அநீதி எண்ணுக்குள் வரவே வராது.

அளக்கத் தொடங்கியதும் எதிர்ப்படுவது ஒரு பழைய தகராறு: வித்தியாசமா, விகிதமா? கற்பனையான இரண்டு குழுக்களை எடுத்துக்கொள்வோம். வறிய குடும்பங்களில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் 40 பேர் ஐந்து வயதுக்குள் இறக்கிறார்கள். வசதியான குடும்பங்களில் 20 பேர். பத்தாண்டுகளுக்குப் பின் வறியவரிடையே அது 15 ஆகவும் வசதியானவரிடையே 5 ஆகவும் குறைகிறது. இரு குழுக்களுக்கும் இடையிலான வித்தியாசம் 20இலிருந்து 10 ஆகப் பாதியாகிவிட்டது. ஆகவே ஏற்றத்தாழ்வு குறைந்தது என்று அமைச்சு அறிக்கை விடலாம். விகிதமோ 2 மடங்கிலிருந்து 3 மடங்காகிவிட்டது. ஆகவே ஏற்றத்தாழ்வு கூடிவிட்டது என்று எதிர்க்கட்சி சொல்லலாம். இருவருடைய எண்களும் சரியானவை. இன்னொருவர் வந்து, இறந்தவர்களை விட்டுவிட்டு உயிர் தப்பியவர்களை எண்ணுகிறார்: முன்பு 960க்கு எதிராக 980, இப்போது 985க்கு எதிராக 995. உயிர்வாழ்வின் விகிதம் ஏறத்தாழச் சமம். அது முன்பை விடச் சற்று மேம்பட்டும் இருக்கிறது. ஒரே தரவிலிருந்து மூன்று தீர்ப்புகள் கிடைத்துவிட்டன.

இது கணக்கு வித்தையல்ல. எந்தத் தீங்கும் அரிதாகிக்கொண்டு போகும்போது, அதில் எஞ்சுவது பெரும்பாலும் மிகவும் பின்தங்கியவரிடமே எஞ்சுகிறது. ஆகவே விகிதம் தானாகவே உயரும் போக்குடையது. இலங்கையைப் போன்ற நாட்டில் இது முக்கியம். இங்கே சிசு மரணம் உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளுக்குப் பத்து அளவில் நிற்கிறது. பிரசவங்களில் 99 சதவீதத்துக்கு மேல் வைத்தியசாலையிலேயே நடக்கின்றன. பிரசவம் எங்கே நடந்தது என்ற சுட்டி இனி எந்த ஏற்றத்தாழ்வையும் காட்டாது. ஏற்றத்தாழ்வு இல்லாமற் போய்விட்டது என்பது அதன் பொருளல்ல. அளவுகோல் உச்சியைத் தொட்டுவிட்டது, அவ்வளவே. கேள்வியை மாற்ற வேண்டும். எந்தத் தர வைத்தியசாலையில், சிக்கல் எழுந்து எவ்வளவு நேரத்துக்குள், மயக்க மருந்து நிபுணர் கடமையில் இருந்த வேளையிலா என்று கேட்டால் வெருகலும் நகரத்தின் உவர்மலையும் மீண்டும் வேறு வேறாகத் தெரியத் தொடங்கும். வித்தியாசத்தையும் விகிதத்தையும் அவற்றோடு உண்மையான வீதங்களையும் ஒன்றாக வெளியிட வேண்டும் என்று இத்துறையினர் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ஒன்றை மட்டும் தரும் அறிக்கையை நான் சந்தேகத்துடனேயே படிக்கிறேன்.

மேலும், அடியில் இருப்பவரையும் உச்சியில் இருப்பவரையும் மட்டும் ஒப்பிட்டால் நடுவில் இருப்பவர்கள் கணக்கில் இல்லாமற் போவார்கள். 1967இல் தொடங்கிய இலண்டன் அரச ஊழியர் ஆய்வில், மைக்கேல் மார்மட்டும் அவருடைய சகபாடிகளும் கண்டது ஒரு படிக்கட்டை. கடைநிலை ஊழியரின் இறப்பு வீதம் உயர் நிர்வாகிகளினதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு; ஆனால் அதைவிட வியப்பானது, உச்சிக்கு அடுத்த படியில் நின்ற, எந்த வகையிலும் ஏழைகள் என்று சொல்ல முடியாத அதிகாரிகளும் உச்சியில் இருந்தவர்களை விட அதிகமாக இறந்தார்கள் என்பது. ஏழைகள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் என்ற பிரிவு போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. முழுப் படிக்கட்டையும் ஒரே எண்ணில் அடக்கும் முயற்சியாகத்தான், வருமானப் பங்கீட்டுக்காக 1905இல் மக்ஸ் லொரன்ஸ் வரைந்த வளையியும் 1912இல் கொராடோ ஜினி தந்த சுட்டியும் சுகாதாரத்துக்குள் கொண்டுவரப்பட்டன. அவற்றின் வழிவந்த செறிவுச் சுட்டியை அடம் வாக்ஸ்டாஃபும் சகபாடிகளும் 1991இல் பரிந்துரைத்தார்கள். இன்று உலக வங்கியின் அறிக்கைகளில் மிகுதியாகப் புழங்குவது அதுதான்.

அதன் வேலையைக் கையாலேயே செய்து பார்க்கலாம். மிக வறியவரிலிருந்து மிக வசதியானவர் வரை ஐந்து படிகள். ஒவ்வொரு படியிலும் 100 குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். நிறை குறைந்த குழந்தைகள் முறையே 30, 25, 20, 15, 10. மொத்தம் 100. அடியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தால், முதல் ஐந்திலொரு பங்கினரிடம் மொத்தச் சுமையில் 30 சதவீதம், இரண்டாவது படியோடு சேர்த்து 55, பிறகு 75, 90, 100. இந்தப் புள்ளிகளை வரைபடத்தில் இணைத்தால் வளையி சமத்துவக் கோட்டுக்கு (எல்லாப் படியிலும் சுமை சமமாக இருந்தால் வரும் நேர்கோட்டுக்கு) மேலே வளைந்து நிற்கும். அதன் கீழுள்ள பரப்பு 0.60, இரட்டிப்பாக்கி 1இலிருந்து கழித்தால் கிடைப்பது −0.20. கழித்தற்குறி, சுமை வறியவரிடம் குவிந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. இதே தரவுக்குச் சாய்வுச் சுட்டி 25 சதவீதப் புள்ளிகள்: அதாவது படிவரிசையின் அடிமட்டத்திலிருந்து உச்சிக்குப் போகும்போது நிறைக்குறைவு அவ்வளவு இறங்குகிறது. கூட்டத்தில் பேசுவதற்குச் சாய்வுச் சுட்டியே வாய்ப்பானது. அதில் மக்கள் தெரிகிறார்கள்.

செறிவுச் சுட்டிக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு; இரண்டும் நம் மாவட்டத்துக்குப் பொருந்துபவை. முதலாவது, மேற்சொன்ன அதே குழந்தைகளில் நிறை குறைந்தவர்களுக்குப் பதிலாக நிறை சரியாக உள்ளவர்களை எண்ணினால் வரிசை 70, 75, 80, 85, 90 ஆகிறது, சுட்டி +0.05 ஆகச் சுருங்கிவிடுகிறது. நோயைச் சொன்னால் ஏற்றத்தாழ்வு பெரிது, நலத்தைச் சொன்னால் சிறிது! இதைச் சரிசெய்ய வாக்ஸ்டாஃப் 2005இல் ஒரு திருத்தம் தந்தார். குய்டோ எரைகர்ஸ் 2009இல் இன்னொன்றைத் தந்தார். முதல் திருத்தத்தின்படி இரு பக்கமும் 0.25, இரண்டாவதன்படி இரு பக்கமும் 0.16. நோயைச் சொன்னால் ஒன்று, நலத்தைச் சொன்னால் வேறொன்று என்ற இந்தக் கண்ணாடிச் சிக்கல் தீர்ந்தது, ஆனால் 0.25ஆ, 0.16ஆ என்பது புதிய தகராறு. இரண்டாவது பலவீனம் இன்னும் மோசமானது. நோயாளிகள் ஐந்து படிகளிலும் 10, 25, 30, 25, 10 என்று பரவியிருந்தால் சுட்டி சரியாகப் பூச்சியம். நடுவில் இருப்பவர்கள் இரு முனைகளில் இருப்பவர்களை விட மூன்று மடங்கு நோயுற்றிருந்தும் சுட்டி அமைதியாக இருக்கும். சிறுநீரக நோய் நிலமற்ற கூலியாளரையும் உத்தியோகத்தரையும் விட்டு, சொந்த வயலும் கை உழவு இயந்திரமும் வைத்திருக்கும் நடுத்தர விவசாயியைப் பிடிக்குமானால் நேர்வது இதுதான். பூச்சியம் என்ற விடையைக் கண்டு நிம்மதியடையும் முன், ஐந்து எண்களையும் அப்படியே பார்த்துவிட வேண்டும்.

இதுவரை ஒரு பெரிய விடயத்தை இலேசாகத் தாண்டி வந்துவிட்டேன்: குடும்பங்களை வறியவரிலிருந்து வசதியானவர் வரை வரிசைப்படுத்துவது எப்படி? வருமானத்தைக் கேட்டால் சரியான விடை வருவதில்லை. மீனவருக்கு மாத வருமானம் என்று ஒன்றே கிடையாது. ஆகவே குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வுகள் வீட்டில் இருப்பவற்றைக் கேட்கின்றன: தரை சீமெந்தா, கூரை ஓடா, தகரமா, மலசலகூடம் எத்தகையது, தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, மோட்டார் சைக்கிள் உண்டா. இவற்றுக்கு நிறையளித்துச் செல்வச் சுட்டி ஒன்றைக் கட்டும் முறை, 2001இல் ஃபில்மரும் பிரிட்செட்டும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகெங்கும் பரவியது. அமைதியாகத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த வீடுகளுக்கு அது ஓரளவு பொருந்தும். 2004 டிசம்பர் 26இல் கடல் உள்ளே வந்த கரையிலும், 2006இல் மக்கள் வெளியேறிப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிய சம்பூர்ப் பக்கத்திலும் அது எதை அளக்கிறது? சீமெந்துத் தரையும் ஓட்டுக் கூரையும் வீட்டுத் திட்டத்தில் கிடைத்தவை. எந்தக் குடும்பத்தின் பெயர் பட்டியலில் இருந்தது என்பதையே அவை சொல்கின்றன. அடுப்பில் இன்று என்ன வேகிறது என்பதைச் சொல்வதில்லை. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகு சொத்துப் பட்டியலில் ஏறும், அதற்காக வாங்கிய கடன் ஏறாது. காதில் கிடந்தது அடகுக் கடைக்குப் போயிருப்பது எந்த வினாக்கொத்திலும் வருவதில்லை. இத்தகைய வீடு இரண்டாம் படியிலிருந்து நான்காம் படிக்குத் தூக்கி வைக்கப்பட்டால், அந்தக் குழந்தையின் நிறைக்குறைவும் அதோடு நான்காம் படிக்கு ஏறிவிடும். படிக்கட்டு தட்டையாகத் தோன்றும். ஏற்றத்தாழ்வு குறைவு என்று முடிவு வரும். உதவி கிடைத்ததனால் குறைவாகத் தெரியும் ஏற்றத்தாழ்வும் உண்மையாகவே குறைந்த ஏற்றத்தாழ்வும் எண்ணில் ஒன்றுபோலவே இருக்கும்.

சமூகங்களுக்கிடையிலான வேறுபாட்டை அளக்கப் போனால் செறிவுச் சுட்டி கைகொடுக்காது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற பிரிவுகளுக்கு மேல், கீழ் என்ற வரிசை கிடையாது. பதினொரு பிரதேசப் பிரிவுகளுக்கும் அப்படியே. அதற்குத் தனியான சுட்டிகள் இருக்கின்றன. குழுக்களின் பருமனைக் கணக்கில் எடுத்துச் சராசரியிலிருந்து அவை எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அவை பார்க்கும். அவற்றின் விபரத்தை விட முக்கியமானது, கிடைத்த எண்ணை வாசிக்கும் விதம். ஒரு சமூகத்தின் குழந்தைகள் மெலிந்திருப்பதாக ஓர் ஆய்வு காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தாயின் கல்வியையும் வைத்தியசாலைத் தூரத்தையும் செல்வப் படியையும் சமன்செய்து மறுபடி கணித்தால் வேறுபாடு கரைந்துவிடலாம். உடனே, இது இனம் சார்ந்ததல்ல, தூரம் சார்ந்தது என்று எழுதிவிடுகிறோம். ஆனால் அந்த மக்கள் அவ்வளவு தூரத்தில் ஏன் இருக்கிறார்கள், அந்தத் தாயின் பாடசாலைப் படிப்பு எந்த ஆண்டில் எதனால் நின்றது என்பவற்றுக்கு இந்த மாவட்டத்தில் வரலாறு உண்டு. காரணங்களைப் பிரித்தெடுக்கும் கணிதம் பயனுள்ளது; பிரித்தெடுத்ததைக் கழித்துவிட்டு மீதி பூச்சியம் என்று சொல்வது வேறு காரியம்.

சிறிய பிரிவுகளை ஒப்பிடும்போது தற்செயலும் நம்மை ஏமாற்றும். ஆண்டுக்கு 500 குழந்தைகள் பிறக்கும் பிரிவொன்றில் ஐந்து சிசுக்கள் இறந்தால் வீதம் 1,000க்கு 10. அடுத்த ஆண்டு எதுவுமே மாறாமல், வெறும் தற்செயலால் இறப்புகள் இரண்டோ எட்டோ ஆகலாம். புள்ளியியலாளர் ஐந்து என்ற எண்ணைச் சுற்றிப் போடும் நம்பிக்கை எல்லை ஏறத்தாழ 2 முதல் 12 வரை நீளும். வீதத்தில் சொன்னால் 4 முதல் 24 வரை. அந்த ஆண்டின் பட்டியலில் கடைசி இடத்துக்கு வந்த பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கம் சொல்ல நேர்வதும், மறு ஆண்டு அதே பிரிவு பாராட்டுப் பெறுவதும் வேடிக்கையான காட்சிகள். ஐந்தாண்டுகளைச் சேர்த்துக் கணிப்பது முதலாவது பரிகாரம். இறப்பைப் போன்ற அரிய நிகழ்வை விட்டு, நிறை, உயரம், குருதிச்சோகை போன்ற அடிக்கடி காணப்படும் நிலைகளை ஒப்பிடுவது இரண்டாவது. 2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றியும், 15 சதவீதத்தினர் உயரத்துக்கேற்ற நிறையின்றியும், 21 சதவீதத்தினர் வயதுக்கேற்ற நிறையின்றியும் இருந்தார்கள். தோட்டப்புறத்தில் மட்டும் உயரக் குறைவு 32 சதவீதம். இவ்வளவு பெரிய எண்களில் பிரிவுகளை நம்பிக்கையோடு ஒப்பிடலாம்.

ஆனால் பகுதி எண்ணையும் தொகுதி எண்ணையும் யார் எங்கே எழுதினார்கள் என்று பார்க்காமல் எந்த வீதத்தையும் நம்பக்கூடாது. இலங்கையில் இறப்பு நிகழ்ந்த இடத்தில் பதியப்படுகிறது; இறந்தவர் வாழ்ந்த இடத்தில் அல்ல. வெருகலில் பிறந்து, நிலை மோசமாகி, மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டு அங்கே இறக்கும் குழந்தை, பதிவின்படி மட்டக்களப்பின் இறப்பு. கண்டிக்கோ அநுராதபுரத்துக்கோ மாற்றப்பட்டவர்களும் அப்படியே. இதனால் போதனா வைத்தியசாலை உள்ள மாவட்டங்கள் உண்மையை விட ஆபத்தானவையாகவும், நோயாளிகளை அனுப்பிவைக்கும் மாவட்டங்கள் உண்மையை விடப் பாதுகாப்பானவையாகவும் தோன்றுகின்றன. குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடு வசிப்பிடத்தைப் பின்பற்றுவதால், ஒரே ஆண்டுக்கு இரண்டு வேறு எண்கள் இருக்கலாம்; இரண்டில் எது எந்தக் கேள்விக்கு என்று அறிக்கை எழுதுபவர் சொல்ல வேண்டும். எல்லைகளும் எங்கும் ஒன்றாக இல்லை. நாட்டில் நிர்வாக மாவட்டங்கள் இருபத்தைந்து. ஆனால் அம்பாறை மாவட்டத்துக்குள் கல்முனை தனிச் சுகாதாரப் பிராந்தியமாக இயங்குகிறது. கிழக்கு மாகாணத்துக்குள் ஒப்பிடும்போது இதைக் கவனிக்காதவர் தொகுதியில் ஒரு மாவட்டத்தையும் பகுதியில் வேறொரு பிராந்தியத்தையும் வைத்து வகுத்துவிடுவார்.

எண்ணப்படாத காலமும் இருந்தது. 1981க்குப் பிறகு 1991இல் எடுக்கப்பட வேண்டிய தொகைமதிப்பு எடுக்கப்படவேயில்லை. 2001இல் நடந்தது பதினெட்டு மாவட்டங்களில் மட்டுமே முழுமை பெற்றது, திருகோணமலை அவற்றுள் இல்லை. 2012இல்தான் இங்கே மீண்டும் எல்லோரும் எண்ணப்பட்டார்கள். குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வுகளில் 1987, 1993, 2000 ஆகியவை வடக்கையும் கிழக்கையும் விட்டுவிட்டே நடந்தன; 2006-07இல் கிழக்கு சேர்ந்தது, வடக்கு சேரவில்லை; 2016இல்தான் நாடு முழுவதும் ஒரே ஆய்வுக்குள் வந்தது. ஆகவே இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பதினைந்து ஆண்டுகளில் இலங்கையின் சுகாதார ஏற்றத்தாழ்வு எப்படி மாறியது என்று வரையப்படும் எந்தக் கோட்டிலும் நாம் இல்லை. வெளிநாட்டுப் பாடநூல்கள் குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் கண்ட நாடு என்று இலங்கையைப் புகழ்ந்த பக்கங்களுக்கு அடியில் இந்த அடிக்குறிப்பு சிறிய எழுத்தில் இருக்கும்.

நோயைப் பற்றி மக்களிடமே கேட்டுவிடலாமே என்று தோன்றலாம். கடந்த இரண்டு வாரங்களில் சுகவீனமுற்றீர்களா என்று கேட்கும் ஆய்வுகள் உண்டு. அமர்த்தியா சென் 2002இல் சுட்டிக்காட்டிய முரண் இங்கே நினைவில் கொள்ளத்தக்கது: இந்தியாவில் ஆயுள் மிக நீண்ட கேரளத்தில்தான் நோயுண்டு என்று சொல்பவர்களும் மிக அதிகம், ஆயுள் குறைந்த பீகாரில் குறைவு. படிப்பும் வைத்தியரும் அருகில் உள்ளவர் தம் உடலைக் கவனித்துப் பெயர் சொல்லப் பழகுகிறார். மற்றவர் முதுகுவலியையும் மூச்சிரைப்பையும் வயசுக் கோளாறு என்று ஒதுக்கிவிடுகிறார். பரிசோதிக்காத நீரிழிவும் அப்படித்தான், அது நோயாளியின் வாயில் வருவதில்லை. வாய்மொழி நோயை வைத்து ஏற்றத்தாழ்வை அளந்தால் நகரத்தின் உவர்மலை நோயுற்றதாகவும், ஈச்சிலம்பற்று ஆரோக்கியமானதாகவும் தெரிய நேரலாம்.

குழுக்களாகப் பிரிப்பதையே கைவிட்டு, தனிமனிதருக்கிடையிலான வேறுபாட்டை நேரே அளக்க வேண்டும் என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2000ஆம் ஆண்டு அறிக்கை, குழந்தை உயிர்வாழ்வில் அந்த வழியைப் பின்பற்றி நாடுகளைத் தரப்படுத்தியது. யார் பாதிக்கப்படுகிறார் என்று சொல்லாத ஏற்றத்தாழ்வால் என்ன பயன் என்று கடுமையான எதிர்ப்பு எழுந்தது. இதில் நான் எதிர்த்தவர்களின் பக்கம். திரிபோஷாவை எந்தக் கிராமத்துக்கு அதிகம் அனுப்புவது என்று ஒரு சிதறல் எண் சொல்லித் தராது.

கடைசியாக, நாட்காட்டி. நாடு தழுவிய போஷாக்கு மாதம் வழக்கமாக ஜூனில் வருகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லோரையும் நிறுத்து, பிரிவு வாரியாகத் தரப்படுத்தும் பெரிய கணக்கெடுப்பு அதுதான். தென்மேற்குக் கரையில் அது மழையும் கொந்தளிப்புமான மாதம். கிழக்கிலோ கடல் அமைதியாகி, வாடிகள் நிறைந்து, கையில் காசு புழங்கும் காலம். மாசி, பங்குனியில் அறுத்த பெரும்போக நெல்லும் சில வீடுகளில் இன்னும் மூட்டையில் இருக்கும். நமது கரை வற்றுவது ஐப்பசியிலிருந்து தை வரை, வாடைக் காற்றடித்து வள்ளங்கள் மணலில் கிடக்கும்போது. வெருகல் பக்கம் வெள்ளம் தெருவை மூடி, கிளினிக்குக்கு வர முடியாமற் போவதும் அப்போதுதான். அந்த மாதங்களுக்குரிய கட்டங்கள் பதிவேட்டில் வெறுமையாக இருக்கும். வராத பிள்ளை தொகுதியிலும் இல்லை, பகுதியிலும் இல்லை. ஜூனில் தென்மேற்குக் கரையின் காலி நகரையும் குச்சவெளியையும் அருகருகே வைத்து ஒப்பிடும் அட்டவணை, ஒரு கரையை அதன் பஞ்ச காலத்திலும் மறு கரையை அதன் செழிப்புக் காலத்திலும் நிறுத்துப் பார்க்கிறது. முதற் பந்தியில் வந்த குழந்தையைத் தராசில் தொங்கவிட்டதும் ஒரு ஜூன் மாதத்தில்தான்.